புளூம்ஸ்பரி வழக்கு, புன்னாலைக்கட்டுவன் தீர்ப்பு

லெனார்ட் வூல்ஃப் துரை 1905 தை மாதம் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு உத்தியோகத்துக்கு வந்தவர். கோட்டைக்குள்ளை குடியிருந்து, தமிழ் படிச்சு, எங்கட சனத்தின்ரை பெட்டிசமெல்லாம் வாசிச்சவர். பிறகு கண்டி, பிறகு அம்பாந்தோட்டை. அங்கை நீதவான் வேலையும் சேர்த்துப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப் போய் 1913இலை ஒரு நாவலும் எழுதினவர்: காட்டுக்கரைச் சிங்களக் கிராமம் ஒண்டிலை தலைமைக்காரன் ஒருத்தன்ரை சூழ்ச்சியாலை ஒரு குடும்பம் அழிஞ்ச கதை. நாட்டுப்புறத்தான்ரை வீட்டு வழக்கைத் துரை கேட்டு, தீர்ப்பும் சொல்லி, கதையும் எழுதலாமெண்டால், துரையின்ரை கூட்டாளியளின்ரை வழக்கை நாட்டுப்புறத்தான் நான் ஒருக்காக் கேட்டால் என்ன மோனை, வானம் இடிஞ்சு விழுமோ?

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். துரையோடை எங்கட ஆக்களுக்கு ஒரு பழைய கணக்குக் கிடக்கு. குதிரையிலை போகேக்கை ஒரு சட்டத்தரணியின்ரை முகத்திலை சவுக்காலை அடிச்சவர் எண்டு யாழ்ப்பாணச் சங்கம் ஆளுநருக்கு முறைப்பாடு எழுதினது. துரை கடைசிமட்டும் இல்லையெண்டுதான் சொன்னவர். அதை நான் இந்த வழக்கிலை சேர்க்கேல்லை. மனதிலை வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்.

சரி, நீ கிழமைக்குக் கிழமை எனக்குச் சொன்ன வழக்குக்கு வருவம். 1904 மாசியிலை லெஸ்லி ஸ்டீபன் எண்ட பெரிய எழுத்தாளர் செத்துப்போனார். வனெசா, தோபி, வெர்ஜீனியா, ஏட்ரியன் எண்டு நாலு பிள்ளையளும் தகப்பன் வீட்டைக் காலிபண்ணிப்போட்டு, இனசனம் முகஞ்சுழிக்க, லண்டன் புளூம்ஸ்பரியிலை கோர்டன் சதுக்கம் 46ஆம் இலக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. அடுத்த வருசம் தோபி தனக்கும் துரைக்கும் பொதுவான கேம்பிரிட்ஜ் கூட்டாளியளை வியாழக்கிழமை இரவிலை வீட்டுக்குக் கூப்பிடத் துவங்கினான். வந்தவையெல்லாம் படிப்பிலை புலியள். மூர் எண்ட மெய்யியல்காரர் 1903இலை எழுதின புத்தகம் அவையளுக்குத் தேவாரம். மனிசருக்குள்ளை அன்பு வைக்கிறதும் வடிவை ரசிக்கிறதும்தான் உலகத்திலை உயர்ந்த காரியம் எண்டு அதிலை கிடக்காம்.

தாய் தகப்பன் இல்லாத வீடு. வடிவான குமர்ப்பிள்ளையள் ரெண்டு. அந்த வீட்டுக்கு இருபத்தஞ்சு வயதுப் பெடியள் கிழமைக்குக் கிழமை வந்து, நன்மை எண்டால் என்ன எண்டு நடுச்சாமம் மட்டும் விசாரிச்சவையாம். எங்கட ஊரிலை உப்பிடி வாறவன் தண்ணி கேட்டு வருவான், இல்லாட்டி கோழி காணேல்லை எண்டு வேலிக்குள்ளாலை எட்டிப் பார்ப்பான். கேம்பிரிட்ஜிலை படிச்சால் கோழி தேவையில்லை, மெய்யியல் காணும்.

1906 கார்த்திகையிலை தோபி நெருப்புக் காய்ச்சலிலை செத்தான். பாவம், சின்ன வயது. அந்தக் கூட்டாளியளிலை ஒருத்தனான கிளைவ் பெல் முந்திக் கலியாணம் கேக்க வேண்டாமெண்டு திருப்பி விட்ட வனெசா, தம்பி செத்து ரெண்டாம் நாள் ஓமெண்டு சொன்னவ. துக்கத்திலை சாய ஒரு தோள் தேடின பிள்ளையிலை நான் பிழை சொல்லமாட்டன். ஆனால் தம்பி கிளைவ், உன்னோடை ஒரு கதை கிடக்கு. 1908இலை மூத்த பெடியன் பிறந்தான். குழந்தை அழுகிற சத்தம் உனக்குப் பிடிக்கேல்லை. பெண்சாதி பிள்ளைக்குப் பால் குடுக்க, நீ மச்சாள் வெர்ஜீனியாவோடை உலாத்தப் போட்டாய். இலக்கியம் கதைச்சனியாம். ராசா, பிள்ளை அழுதால் தூக்கவேணும். அதுக்கு இலக்கியம் தேவையில்லை, ரெண்டு கை காணும். அந்த உலாத்தலாலை தமக்கைக்கும் தங்கைச்சிக்கும் இடையிலை விழுந்த கீறல் ஆறக் கனகாலம் பிடிச்சது.

இனி லிட்டன் ஸ்ட்ரேச்சி. நீண்ட தாடி, கீச்சுக் குரல், விசத்துக்குப் பக்கத்திலை நிக்கிற புத்தி. உந்தக் கூட்டத்திலை எனக்கு ஆகலும் பிடிச்ச ஆள் உவர்தான். ஆம்பிளையளிலை மட்டும் நாட்டமுள்ள மனிசன் 1909 மாசி 17ஆந் திகதி போய் வெர்ஜீனியாவிட்டைக் கலியாணம் கேட்டார். அவவும் ஓமெண்டுபோட்டா. ஓமெண்ட சொல்லுக் காதிலை விழுந்த உடனை ஆளுக்கு வேர்த்துக்கொட்டி, எப்பிடி இதுக்குள்ளாலை கழருவம் எண்டு யோசிச்சு, பிறகு ரெண்டு பேருமாச் சேர்ந்து கதையைக் கலைச்சிட்டினம். இதுமட்டும் சரி. ஆனால் மனிசன் சும்மா இருக்கேல்லை. உடனை பேனையை எடுத்து, அம்பாந்தோட்டையிலை உப்பும் மாடும் எண்ணிக்கொண்டிருந்த லெனார்டுக்கு எழுதினார்: நீ வந்து அவவைக் கட்டு எண்டு. எங்கட தரகர்மார் எத்தினையோ பேரை நான் கண்டிருக்கிறன். தான் கேட்டு, தானே கைவிட்ட பொம்பிளையை, மை காயமுதல் கூட்டாளிக்குப் பேசின தரகரைக் கண்டதில்லை. அதுவும் தரகுக்காசு இல்லாமல்.

லெனார்ட் 1911இலை லீவிலை போனவர், அடுத்த வருசம் உத்தியோகத்தை எழுதிக் குடுத்துப்போட்டு, 1912 ஆவணி 10ஆந் திகதி வெர்ஜீனியாவைக் கட்டினார். கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்திலை மேய்க்கவேணும் எண்ட ஊர் இது மோனை. உந்தக் கூட்டம் செய்த காரியங்களுக்குள்ளை எங்கட சனத்தை உண்மையாய் நடுங்க வைக்கிறது இதுதான். பென்சன் உள்ள வேலை!

ஆனால் தாலி கட்டின மனிசனாய் நிண்டு பிடிச்சவரும் அவர்தான். வெர்ஜீனியாவுக்கு மனம் குழம்பி வருத்தம் வரும். ஒவ்வொரு முறையும் பக்கத்திலை இருந்து பார்த்தது லெனார்ட். பிறகு வீட்டா சாக்வில்-வெஸ்ட் எண்ட பிரபு வீட்டுப் பெண்ணிலை வெர்ஜீனியாவுக்குக் காதல் வந்தது. அவவுக்கும் புருசன் இருக்கிறார், ரெண்டு பெடியள் இருக்கினம். அந்தக் காதல் 1928இலை 'ஒர்லாண்டோ' எண்ட நாவலாய் முடிஞ்சது. வெளியிட்டது ஆர்? 1917இலை புருசனும் பெண்சாதியுமாய்த் துவங்கின ஹோகார்த் அச்சகம். பெண்சாதி இன்னொருத்தியிலை வைச்ச ஆசையைப் புருசன் தன்ரை பதிப்பகத்தாலையே புத்தகமாய்ப் போட்டு வித்தவர். நல்லா வித்துதாம். யாழ்ப்பாணத்துத் தண்ணி குடிச்ச மனிசன் எண்டு உதிலை தெரியுது.

இப்ப டங்கன் கிராண்ட். இதுக்கு நான் கடதாசியும் பென்சிலும் எடுத்துத்தான் கணக்குப் போட்டனான். டங்கன் படம் கீறிற பெடியன். லிட்டனுக்குத் தாயின்ரை கூடப்பிறந்தவன்ரை மோன். எங்கட கணக்கிலை சொந்த மச்சான். லிட்டன் அவனிலை உயிரை விட்டார். 1908இலை கெய்ன்ஸ் எண்ட பொருளாதாரக்காரர் அவனைக் கொண்டுபோட்டார். பிறகு ஏட்ரியன். பிறகு ஏட்ரியன்ரை தமக்கை வனெசா. தேசவழமையிலை சொத்து மூண்டு வகை எண்டு ஒல்லாந்தர் 1707இலை எழுதி வைச்சவை: முதுசொம், சீதனம், தேடிய தேட்டம். லிட்டனுக்கு அவன் சொந்தத்துக்குள்ளாலை வந்த முதுசொம். கெய்ன்ஸுக்குத் தேடிய தேட்டம். சகோதரத்தின்ரை கையாலை வந்ததாலை வனெசாவுக்குச் சீதனம். உறுதி எழுதிற நொத்தாரிசுக்குத்தான் விசர் பிடிக்கும்.

சிரிக்கிறாய். இன்னொண்டையும் கேள். ஆம்பிளையை ஆம்பிளை விரும்பினால் இங்கிலாந்திலை அப்ப மறியல். 1967 மட்டும் அந்தச் சட்டம் கிடந்தது. அதே சட்டத்தை 1883இலை வெள்ளைக்காரர் எங்கட குற்றவியல் கோவையிலும் எழுதி வைச்சவை. அவையள் தங்கட நாட்டிலை அழிச்சிட்டினம். இஞ்சை அழிக்கேல்லை. லெனார்ட் துரை அம்பாந்தோட்டையிலை நீதவான் கதிரையிலை இருந்து காப்பாத்தின சட்டப்புத்தகத்துக்குள்ளை அவற்றை உயிர்க் கூட்டாளியள் அரைவாசிப் பேர் குற்றவாளியள். துரை தபால்காரன் கொண்டு வாற கடிதத்தையும் வாசிச்சு, கோட்டுக்கும் போனவர். எந்த முகத்தோடை போனாரோ.

வனெசாவின்ரை பக்கம் இன்னும் முடியேல்லை. டங்கனுக்கு முதல் ரோஜர் ஃபிரை இருந்தவர். 1910இலை லண்டனிலை செசானையும் வான்கோவையும் கொண்டுவந்து காட்டி ஊரையே திட்ட வைச்ச மனிசன். 1911இலை துருக்கிக்குப் போன இடத்திலை வனெசாவுக்குச் சுகமில்லாமல் போக, பக்கத்திலை இருந்து பார்த்தவர். புருசனும் கூடத்தான் போனவர், ஆனால் பார்த்தது ரோஜர். ரெண்டு பேருக்கும் அன்பு வந்தது. நோயிலை கவனிக்கிற ஆளிலை மனம் போறது எந்த ஊரிலும் நடக்கிறது. பிறகு வனெசாவுக்கு டங்கனிலை மனம் திரும்ப, ரோஜர் அழுதார், ஆனால் கோவிச்சுக்கொண்டு போகேல்லை. கடைசிமட்டும் கூட்டாளியாய் இருந்தார். இந்தக் கூட்டத்திலை நான் மெச்சிறது இதை. எங்கட ஊரிலை சம்மந்தம் குழம்பினால் மூண்டு தலைமுறைக்குச் செத்தவீட்டுக்கும் போகமாட்டம்.

1916இலை யுத்தத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. சண்டைக்குப் போகமாட்டம் எண்டவை தோட்ட வேலை செய்யவேணும். டங்கனும் அவன்ரை புதுக் காதலன் டேவிட் கார்னெட்டும் சசெக்ஸிலை ஒரு கமக்காரனிட்டை வேலைக்குச் சேர, வனெசா பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பக்கத்திலை சார்ள்ஸ்டன் எண்ட பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தவ. புருசன் கிளைவ் இடைக்கிடை வந்து போவார். அவருக்கு வேறை ஒரு சிநேகிதி. ஒருத்தரையொருத்தர் கலைக்கவுமில்லை, விவாகரத்து எடுக்கவுமில்லை. சுவர், கதவு, அலுமாரி எண்டு அம்பிட்ட இடமெல்லாம் வர்ணம் பூசிப் படம் கீறிக்கொண்டு இருந்தவை. பகல் முழுக்க மண் கொத்தினவனுக்கு இரவிலை காதலிக்கத் தெம்பு இருந்ததெண்டால், உவை சரியாக் கொத்தேல்லை. இது புகையிலைத் தோட்டக்காரன் சொல்லுறன்.

லிட்டன்ரை வீட்டுக் கதை இதிலும் பெரிசு. டோரா காரிங்டன் எண்ட ஓவியப் பெண் லிட்டனிலை உயிர். லிட்டனுக்கு ரால்ஃப் பார்ட்ரிட்ஜ் எண்ட வாட்டசாட்டமான பெடியனிலை ஆசை. அவன்ரை பேரைக்கூட லிட்டன்தான் ரால்ஃப் எண்டு மாத்தி வைச்சவர். ரால்ஃபுக்கோ காரிங்டனிலை ஆசை. மூண்டு பேரும் ஒரே வீடு. 1921இலை ரால்ஃபும் காரிங்டனும் கலியாணம் செய்து இத்தாலிக்குத் தேன்நிலவு போக, லிட்டனும் அங்கை போய்ச் சேர்ந்திட்டார். பிறகு ரால்ஃபின்ரை கூட்டாளி ஜெரால்ட் பிரெனனிலை காரிங்டனுக்கு மனம். ரால்ஃபுக்குப் பிரான்சஸ் மார்ஷலிலை மனம். அந்தப் பிரான்சஸ் ஆர் தெரியுமோ? டேவிட் கார்னெட்டின்ரை பெண்சாதி ரேயின்ரை தங்கச்சி. லண்டன் அவ்வளவு பெரிய பட்டினம், உவையளுக்கு வேறை ஆக்கள் அம்பிடேல்லை.

1932 தையிலை லிட்டன் வயித்துப் புற்றுநோயிலை போய்ச் சேர்ந்தார். பங்குனியிலை காரிங்டன் தன்ரை உயிரைத் தானே முடிச்சுக்கொண்டா. 38 வயது. அதிலை பகிடி விட எனக்கு வாய் வராது.

கெய்ன்ஸ் 1925இலை லிடியா லோப்பக்கோவா எண்ட ரஷ்ய நாட்டியக்காரியைக் கட்டினார். மாப்பிளைத்தோழன் ஆர்? டங்கன்தான். லிடியாவுக்குப் புத்தகக் கதை தெரியாது, சத்தம் போட்டுச் சிரிப்பா எண்டு கூட்டாளியள் முதுகுக்குப் பின்னாலை நையாண்டி பண்ணினவை. 1937இலை கெய்ன்ஸுக்கு இருதயம் பழுதாகிப் படுக்க, 1946இலை கண்மூடுமட்டும் பத்தியம் பார்த்து, ஆக்கள் வந்து அலுப்புக் குடுக்காமல் வாசலிலை நிண்டு கலைச்சு, காப்பாத்தினது அவ. மெய்யியல் கதைச்ச ஒருத்தரும் கஞ்சி வைச்சுக் குடுத்ததாய் நீ எனக்கு வாசிக்கேல்லை.

இவ்வளவுமட்டும் எனக்கு ஒருத்தரிலும் பெரிய கோவம் இல்லை மோனை. மனிசருக்கு மனம் மாறும். எங்கட ஊரிலை மாறேல்லையோ? ஆர் பிள்ளை ஆற்றை சாயல் எண்டு கோயில் வீதியிலை நிண்டு பார்த்தால் எனக்கே நாலைஞ்சு கணக்குத் தெரியும். பிழைச்ச இடம் ஒண்டே ஒண்டு.

1918 நத்தார் அண்டு சார்ள்ஸ்டனிலை வனெசாவுக்கு ஆஞ்செலிக்கா பிறந்தா. தகப்பன் டங்கன். கிளைவின்ரை பிள்ளையெண்டு பேரைப் பதிஞ்சு வளர்த்தவை. பிறந்த பிள்ளையைப் பார்த்த டேவிட் கார்னெட், இவளுக்கு இருபது வயது வரேக்கை எனக்கு நாற்பத்தாறு, கட்டினால் ஊர் என்ன சொல்லும் எண்டு லிட்டனுக்குப் பகிடியாய்க் கடிதம் எழுதினார். 1942இலை ஆளுக்கு 50 வயது, பிள்ளைக்கு 23. பகிடி மெய்யாப் போச்சுது. கட்டிப்போட்டார்! தகப்பன்ரை காதலன் எண்டால் எங்கட முறையிலை சித்தப்பாவோ, சின்னம்மாவோ? எந்த முறையெண்டாலும் கட்டுற முறை இல்லை.

டங்கன்தான் தகப்பன் எண்டதை அந்தப் பிள்ளைக்கு 1937இலைதான் தாய் சொன்னவ. பதினெட்டு வயது. அதையும் சொல்லிப்போட்டு, வெளியிலை கதைக்காதை எண்டமாதிரி விட்டிட்டா. டங்கனுக்கும் கார்னெட்டுக்கும் இடையிலை இருந்ததை, கலியாணத்துக்கு முதல் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லேல்லை. வாயைத் திறந்தால் உண்மை, ஒளிவுமறைவு இல்லை, எதையும் எவரும் எவருக்கு முன்னாலும் கதைக்கலாம் எண்டு நாற்பது வருசம் பெருமை பேசின கூட்டம். அறிவிலை ஐரோப்பாவையே உலுப்பினவை. ஒரு குமர்ப்பிள்ளைக்கு ஒரு வசனம் சொல்ல ஒருத்தருக்கும் நா எழும்பேல்லை. நாங்களும் மறைப்பம். ஆனால் நாங்கள் மறைக்கமாட்டம் எண்டு சங்கம் வைச்சுப்போட்டு மறைக்கிறேல்லை. அந்தப் பிள்ளை நாலு பெட்டையளைப் பெத்து வளர்த்து, 1984இலை எல்லாத்தையும் ஒரு புத்தகமாய் எழுதி ஆறினவ. வாசிக்கச் சொல்லி நீ தந்தாய் எண்டால் அதை வாசிப்பன். மற்றவையின்ரை கடிதம் எனக்கு வேண்டாம்.

வழக்கிலை ஒரு சாட்சியை ஒருத்தரும் கூப்பிடேல்லை. கிரேஸ். 1920இலை பதினாறு வயதிலை வனெசாவிட்டை வேலைக்கு வந்து, சார்ள்ஸ்டன் குசினியிலை அரை நூற்றாண்டு நிண்ட மனிசி. ஆர் ஆரோடை வந்தாலும், ஆர் ஆரை விட்டுப் போனாலும், இரவுச் சாப்பாட்டுக்கு எத்தினை பேர் எண்ட கணக்கு அவவிட்டைத்தான். இந்தக் காதலுக்கெல்லாம் நேரம் வேணுமெல்லோ? அந்த நேரத்தை ஆர் குடுத்தது? கிளைவ் வீட்டிலை நிலக்கரிக் காசு, வெர்ஜீனியாவுக்குச் சொந்தக்காரி எழுதி வைச்ச காசு, அதோடை கிரேஸின்ரை ரெண்டு கை. எழுத நினைக்கிற பெண்ணுக்கு வருசம் 500 பவுணும் ஒரு அறையும் வேணுமெண்டு 1929இலை வெர்ஜீனியா எழுதினவ. சரியான கதை. அறையைக் கூட்டிறது ஆர் எண்டும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

லெனார்ட் துரையின்ரை கடைசிக் காலத்தையும் சொல்லிப்போட வேணும். 1941இலை வெர்ஜீனியா செத்துப்போன பிறகு, ட்ரெக்கி பார்சன்ஸ் எண்ட ஓவியப் பெண்ணோடை அவருக்கு அன்பு வந்தது. அவவின்ரை புருசனும் புத்தகம் போடுறவர், துரைக்குத் தொழிலிலை பங்காளி. வாரநாளிலை ட்ரெக்கி துரையோடை, சனி ஞாயிறு புருசனோடை. பங்குக் கிணத்திலை நாள்முறை வைச்சு இறைக்கிறமாதிரி, இருபது வருசத்துக்கு மேலை ஒரு சத்தஞ் சந்தடி இல்லை. 1960இலை எண்பதை எட்டிப்பிடிக்கிற வயதிலை துரை இலங்கையைத் திரும்பப் பார்க்க வரேக்கை கூட வந்ததும் அவதான். 1969இலை துரை செத்தார். கூட்டத்திலை மற்றவை அன்பைப் பற்றி நடுச்சாமம் மட்டும் கதைச்சவை. இவர் அம்பாந்தோட்டையிலை வழக்குக் கேட்டவரெல்லோ, நாளைப் பிரிச்சு எழுதிப்போட்டுப் படுத்திருக்கிறார்.

இனி உன்ரை கதை. நூறு வருசத்துக்கு முந்தி வாழ்ந்த வெள்ளைக்காரரின்ரை சங்கதியை ஒரு பிள்ளை கிழமைக்குக் கிழமை அப்பப்பாவுக்கு எடுத்துச் சொல்லுதெண்டால், அது வெள்ளைக்காரரைப் பற்றிக் கதைக்கேல்லை. உங்கட வாடகை வீட்டிலை நாலு பேர் எண்டாய். ரெண்டு பேர் கலாநிதிப் படிப்பு, ஒருத்தி சட்டம், ஒருத்தன் வைத்தியம். போன மாதம் மட்டும் சட்டக்காரியும் வைத்தியனும் ஒண்டு. இப்ப அவள் உன்னோடை கதைக்கிறதில்லை எண்டாய். ஏனெண்டு நான் கேக்கேல்லை. நீயும் சொல்லேல்லை. ஆனால் போன கிழமை நீ காரிங்டன்ரை கதை சொல்லேக்கை, பின்னாலை ஒரு ஆம்பிளைக் குரல் உனக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டது. சீனி எவ்வளவு எண்டு கேக்கேல்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு.

சாதகம், குலம், கோத்திரம் ஒண்டும் விசாரிக்கமாட்டன், பயப்பிடாதை. முதல் அந்தச் சட்டக்காரிப் பிள்ளையோடை நீ இருந்து கதை. வேறை ஆக்கள் சொல்லி அவள் அறியமுதல், உன்ரை வாயாலை கேக்கட்டும். திட்டுவாள், திட்டட்டும். அதுக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பெடியனிட்டை ரெலிபோனைக் குடு. நான் லண்டன் மழையைப் பற்றித்தான் கேப்பன். மிச்சத்தை அவன் தானாச் சொல்லுவான்.